வெளிச்சத்துக்கு ஒரு பங்கு

துவக்கு பேரம்பலத்தாருடையது.
பற்றறி என்னுடையது.
சாவகச்சேரியிலிருந்து ஓடி வரும்போது
பால்மாப் பேணிக்குள் அரிசி கொட்டி
அரிசிக்குள் புதைத்துக் கொண்டுவந்த நான்கு பற்றறி.
அந்த வருசம் வன்னியில் அது பொன்.
பகலில் பள்ளிக்கூடத் தகரத்தில் காயவைத்தால்
இரவுக்குக் கொஞ்சம் உயிர் வரும்.
அதற்காகத்தான் என்னையும் கூட்டிப் போனார்கள்.
பாலை எது வீரை எது என்று தெரியாதவன் நான்.

ஆவணிக் கடைசி.
அம்பகாமத்துக்கு மேற்கே குளமெல்லாம் வெடித்துக் கிடந்தது.
ஒரேயொரு மோட்டையில்
முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர்.
"காட்டின்ரை தாகமெல்லாம் இஞ்சதான் வரும்"
என்றார் பேரம்பலத்தார்.
வந்தது.

"அடி."
அடித்தேன்.
மஞ்சள் வெளிச்சத்தின் நுனியில்
இடுப்பு உயரத்தில் இரண்டு கண்கள், பச்சையாக.
அவற்றுக்குப் பின்னால், கொஞ்சம் கீழே,
இன்னும் இரண்டு.

இதைத்தான் சொல்ல வந்தேன்.
நான்கு என்று எண்ணி முடிக்க
எனக்கு நேரம் இருந்தது.
பெருவிரலை ஒரு நூல் பின்னுக்கு இழுத்திருந்தால்
இருட்டு வந்து
எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் விட்டிருக்கும்.
கை நடுங்கவில்லை.
பற்றறி இறங்குகிறதே, சுடுங்கோவன்
என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

பிறகு வெடி.
பிறகு சருகுக்குள் சின்னதாக ஓர் ஓட்டம்,
நாங்கள் எல்லோரும் கேட்டு
ஒருவரும் கதைக்காத ஓட்டம்.

பிணை என்று படிப்பித்திருக்கிறேன், ஒன்பதாம் வகுப்புக்கு.
பெண்மான் என்று பொருள்; ஈடு என்றும் பொருள்.
இரண்டுக்கும் வாக்கியம் எழுதி வரச்சொல்லியிருக்கிறேன்.
குலேந்தியின் கத்தி மடியில் பட்டபோது
பால் வந்தது.
இரத்தத்தோடு உடனே கலக்கவில்லை.
ஓர் இலையின் நடு நரம்பு வழியே
தனியாகக் கொஞ்சத் தூரம் போனது.

"நான் ரண்டு கண்தான் கண்டனான்" என்றார் பேரம்பலத்தார்,
துவக்கைத் துடைத்தபடி.
"கொம்பு விழுந்த காலத்திலை
இருட்டுக்குள்ளை ஆணென்ன பெண்ணென்ன.
முந்தி குட்டி நிக்கிற மானுக்கு
ஆரும் வெடி வைக்கமாட்டினம்.
முந்தி கடையிலை அரிசியும் இருந்தது."
என்னை ஒருவரும் கேட்கவில்லை.

ஐம்பது றாத்தல் இருக்கும்.
துவக்குக்கு இரண்டு பங்கு, மருந்துக்கு ஒன்று,
காவினவர்களுக்கு ஆளுக்கொன்று.
வெளிச்சத்துக்கு ஒரு பங்கு.

மங்களேஸ்வரிக்கு அப்போது பிள்ளை பிறந்து மூன்று மாதம்.
நிவாரணப் பருப்பில் பால் வற்றியிருந்தது.
இரண்டு நாள் அந்த இறைச்சியைத் தின்றாள்.
மூன்றாம் நாள் சட்டை நனைந்தது.
நியாயம் பேச வருகிறவர்கள்
இந்த வரியைத் தாண்டிப் போகக்கூடாது.
நானும் தாண்டவில்லை.
ஆனால் இதைச் சொல்லித் தப்பவும் முடியவில்லை:
வெளிச்சம் அடித்தபோது
பிள்ளையின் முகம் என் நினைவில் இருக்கவேயில்லை.

நாலாம் நாள் பகலில் தனியே போனேன்.
சேற்றில் குளம்படிகள்,
பிளந்த பாக்கு அளவில்,
நாங்கள் வெட்டிய இடத்தைச் சுற்றிச் சுற்றி.
பழசா புதுசா என்று
காடு தெரிந்தவன் ஒரு பார்வையில் சொல்வான்.
நான் குனிந்து நெடுநேரம் பார்த்தேன்.
தெரியவில்லை.

அடுத்த கிழமை பேரம்பலத்தார் படலையில் நின்றார்.
"வாத்தியார், பற்றறி?"
"செத்துப்போச்சு" என்றேன்.
என் முகத்தைப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அன்றிரவு பிள்ளை உறங்கிய பிறகு
கொட்டிலுக்குள் அடித்துப் பார்த்தேன்.
தறப்பாளில் மஞ்சளாக ஒரு வட்டம்,
நன்றாகவே எரிந்தது.
அதை மெல்ல நகர்த்தினேன்:
பேணி, ஏணை, அடுப்புக்கு மேலே கம்பி.
கம்பியில் இன்னும் பதினொரு வத்தல்.
எண்ணிவிட்டு அணைத்தேன்.