பொத்

கிராகுயேவாட்ஸ். கிரைண்டிங் பிரிவு.
துளையில் விரல் நுழைத்து
சாணைச் சக்கரத்தைத் தொங்கவிட்டு
ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டினாள் ராத்மிலா.
கணீர்.
கொஞ்சம் திருப்பி, மறுபடி
கணீர்.
அடுத்த சக்கரம்
பொத்.

ஈரம் ஏறியிருக்கும் என்றான் ஸ்டோர் நெபோய்ஷா,
செவ்வாய்க்கிழமை கூரை ஒழுகியதே.
இரண்டு நாள் ஹீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
காய்ந்த பிறகும்
பொத்.

விரிசல் எங்கே, காட்டு.
விளக்கடியில் பிடித்தால் எதுவுமில்லை.
புது லேபிள்,
பதினோராயிரம் தினார்.

சும்மா ஓரமாய் வைத்தால்
இரவு ஷிஃப்டில் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.
சுத்தியலைத் தேடினாள்.

ஏழு துண்டு.
நெபோய்ஷா குந்தி உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்ப் புரட்டினான்.
எந்த உடைவு முன்பே இருந்தது,
எது இவள் போட்டது?
துண்டுகளுக்குத் தெரியவில்லை.

படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
அவள் எழுதினாள்:
சத்தம்.