குளியலறையில் சமைத்தோம்

வரைபடத்தில் அது சாலை.
கயாக்கின் அடிவயிற்றில் தார் உரசியபோதுதான்
நம்பினோம்.

நிறுத்து என்ற சிவப்புப் பலகை
முழங்கால் தண்ணீரில் சாய்ந்து நின்றது.
மரிபெல் துடுப்பை நிறுத்தினாள்,
இடமும் வலமும் பார்த்தாள்,
பிறகுதான் கடந்தாள்.
சிரித்தோம்.
ஒரு மடவை துள்ளி எதிர்த்திசையில் போனது.

புயல் போய் ஏழு மாதம்.
லூசியானாவின் இந்தத் தென்கோடியில்
நிலம் எங்கே முடிகிறதென்று
கோரைப்புல்லுக்கும் தெரியவில்லை.
ஓக் மரங்கள் உப்பைக் குடித்து
நின்றபடியே செத்திருந்தன.
'மிஸ் யூலாலி' என்றொரு இறால் படகு
தபால் நிலையத்தின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது.
குளிர்சாதனப் பெட்டிகள், எத்தனை எத்தனை,
டேப் சுற்றிய வாயோடு சேற்றில் மல்லாந்து.
திறக்காதே, என்றாள் மரிபெல்.
முதல் மாதமே உதவிக்கு வந்து போனவள்.
அந்த நாற்றத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

கூடாரம் போட உலர்ந்த இடம் தேடி
நாலு மணிநேரம்.
தீவு என்று படம் காட்டிய மூன்று இடங்களில்
ஒரு கூழைக்கடா உட்காரக்கூட மண் இல்லை.
பொழுது சாயும்போது தென்பட்டது:
இருபது மரத்தூண்கள் மேல் ஒரு பலகைத் தளம்,
ஏறிப் போகப் பதினான்கு படிகள்,
மேலே நேராக வானம்.

துருத்திய ஆணிகளில் ஈரக் காலுறைகளை மாட்டினோம்.
ஸ்டவ்வில் சோறும் பீன்ஸும்.
அதில் பாதி கொசு.
தூரத்தில் எண்ணெய்க் கிணற்றின் சுடர்
இரவு முழுக்க எரிந்தது.
தளம் லேசாக ஆடியது.
அலையா, என்றேன்.
தூங்கு, என்றாள்.

விடிந்ததும் மோட்டார் சத்தம்.
அலுமினியப் படகில் ஒருவர், வெள்ளை ரப்பர் பூட்ஸ்.
மடியில் துப்பாக்கி இருக்குமென்று பயந்தேன்.
ரொட்டிப் பொட்டலம்.
படியேறி வந்தவர்
எங்களைப் பார்க்கவில்லை, பலகைகளைப் பார்த்தார்.

"நீங்க சமைச்சது குளியலறை.
தூங்கினது சரிதான், படுக்கையறை.
ஆனா தலைவெச்ச பக்கம் அலமாரி.
என் மனைவி பார்த்தா திட்டுவா."

அவர் எங்கே என்று கேட்க வாய் வரவில்லை.
அவரே சொன்னார்:
"ஹூஸ்டன்ல. தங்கச்சி வீட்டுல.
அங்க ஏசி இருக்கு. வரமாட்டேங்கிறா."

பெயர் ஒவீட் நாக்கேன்.
வாரம் ஒருமுறை வருகிறார்.
எதற்கு?
"பெருக்க."
கைப்பிடிக் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டிய துடைப்பத்தை
அப்போதுதான் பார்த்தேன்.
ராத்திரி அதன்மேல்தான்
என் துண்டு காய்ந்தது.

காப்பி கொடுத்தோம்.
வாங்கியதும் குடிக்கவில்லை.
வடமூலைக்கு நடந்து, எங்களையும் கூப்பிட்டு,
இல்லாத மேசையைச் சுற்றி உட்காரவைத்தார்.
மரிபெல் காலை நீட்டினாள்.
"அங்க நாய் படுக்கும்."
அவள் மடக்கிக்கொண்டாள்.

காப்பீட்டுக் கம்பெனி கேட்கிறதாம்,
வீட்டைக் கொண்டுபோனது காற்றா தண்ணீரா?
காற்றென்றால் பணம் உண்டு.
தண்ணீரென்றால் அது வேறு கம்பெனி.
"நான் அன்னிக்கு வடக்கே
ஒரு பள்ளிக்கூடத் தரையில படுத்திருந்தேன்.
எனக்கெப்படித் தெரியும்?
வீட்டைத்தான் கேக்கணும்."
ரொட்டியைப் பிய்த்து மூன்றாக வைத்தார்.

கூடாரத்தை மடித்து
பையோடு படிகளை நோக்கி நடந்தேன்.
"அது சுவர்" என்றார் ஒவீட்.

நின்றேன்.
அவர் கைகாட்டிய இடத்தில்
பலகையில் நாலு திருகாணித் துளைகள்,
நடுவில் தேய்ந்து வழவழப்பான ஒரு முழம்.
அந்த வழியாகச் சுற்றிப் போனோம், ஒருவர்பின் ஒருவராக.
மரிபெல் நல்ல உயரம்.
குனிந்து வெளியேறினாள்.

துடுப்புப் போடத் தொடங்கிய பிறகு கேட்டது,
மேலே பெருக்கும் சத்தம்.
பலகை இடுக்குகளில் நாங்கள் சிந்திய சோறு
பருக்கை பருக்கையாய்த் தண்ணீரில் விழ,
வீட்டுக்கடியில்
சின்ன மீன்கள் கூடின.