சதுர அடைப்பு

முதல்நாள் காலை முழுவதும்
ஒரு சொல்லில் தட்டி நின்றது கூட்டம்.
'வழிதவறி' என்றது அவர்களின் தாள்.
'அத்துமீறி' என்றது எங்களின் தாள்.
நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் நான்:
ஒரு போத்தல் தண்ணீர், ஒரு ஒலிவாங்கி,
மணித்தியாலக் கூலிக்கு வந்த வாய்.

ஆஸ்பத்திரி வீதி ஹோட்டல், மூன்றாம் மாடி.
குளிரைக் குறைக்கத் தெரிந்த பெடியன்
சாப்பிடப் போயிருந்தான்.
டெல்லிக்காரர் ஆங்கிலத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தார்.
கொழும்புக்காரர் சிங்களத்தில் வணக்கம் சொல்லி
ஆங்கிலத்துக்குள் இறங்கினார்.
அவர்களுக்குப் பின்வரிசையில்
ராமேஸ்வரத்தார் நால்வர், குருநகரார் ஐவர்,
காதில் கருவி மாட்டி
தங்கள் கடலைப் பற்றி
என் குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அருளப்பு எழும்பினார்.
"மூண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூவா வலை.
ராவு பத்து மணிக்கு விட்டனான்.
விடியப் பாத்தா மிதப்புக் கட்டையள்தான் கிடக்கு."
'கணிசமான வாழ்வாதார இழப்பு'
என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.
தொகையைச் சொன்னேன்.
கட்டைகளைச் சொல்லவில்லை.
ஆளுக்கு இரண்டு நிமிடம்தான்.

தேநீர் இடைவேளையில் என்னைத் தேட ஒருவருமில்லை.
அருளப்பும், எதிர்த்தரப்பு நம்புச்சாமியும்
ஒரே தட்டில் வடை பிய்த்தார்கள்.
டீசல் உங்கட பக்கம் என்ன விலை?
கச்சதீவுத் திருநாளுக்கு ஏன் வரேல்லை?
பிறகு நம்புச்சாமி சொன்னார்:
"போட்டு முதலாளி மதுரையில இருக்காரு.
கடல்ல கால் நனைச்சதில்ல.
அடியோட அரிக்கச் சொல்லுறது அவருதான்."
"உதை உள்ளுக்கு வந்து சொல்லன் ஐசே."
நம்புச்சாமி வடையைப் பார்த்தார்.
"சொன்னா, நாளைக்கு எவன் என்னையப் போட்டுல ஏத்துவான்?"

மணி அடித்தது.
உள்ளே போய் இருவரும்
முந்தியதைவிட உரத்துக் கத்தினார்கள்.
ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தேன்.
முதலாளி என்ற சொல்
எந்த மொழியிலும் வரவில்லை.

பின்னேரம் வரைவு வந்தது.
ஒத்துவராத சொல்லைச் சதுர அடைப்புக்குள் விடுவது
பேச்சுவார்த்தைக்காரரின் வழக்கம்.
[வழிதவறி] [அத்துமீறி]
[படிப்படியாக] [உடனடியாக]
[இழப்பீடு] [மனிதாபிமான உதவி]
அருளப்பு தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
"பிள்ளை, இதென்ன பெட்டி பெட்டியா?"
"இரண்டு பக்கமும் இன்னும் ஏற்காத சொல்லுகள், ஐயா."
பெருவிரலை ஒரு பெட்டியின்மேல் வைத்து
அளந்து பார்த்தார்.
"நல்ல பெரிய கண்ணிதான்.
இதுக்குள்ளால திருக்கையே போகும்."
சிரித்தார். நானும்.
டெல்லிக்காரர் திரும்பிப் பார்த்து
என்னவென்று கேட்டார்.
மீன்பிடி பற்றிய தொழில்நுட்பக் கருத்து, என்றேன்.

அடுத்த சுற்று ஆறு மாதத்தில்.
இடம் [இங்கே] [அங்கே].

கீழே வரவேற்பு மேசையில் கூலிச்சீட்டு நிரப்பினேன்.
எட்டு மணித்தியாலம்.
அழித்து, ஏழரை என்று எழுதினேன்.
இடைவேளை சேர்த்தியில்லை.