இருப்பு

அடையாள அட்டை இல்லாமல் சிம் தரேலாது என்றேன்.
அட்டை என்றால் என்ன என்று கேட்டான்.
கரடிப்போக்குச் சந்தியில்
இரவு எட்டேகாலுக்கு இப்படிக் கேட்கிறவன்
ஒன்றில் குடிகாரன், இல்லாவிட்டால் கொழும்புக்காரன்
என்று நினைத்தேன்.

பிறகு பார்த்தேன்:
மேசைக்குக் கீழே என் கால்களைத் தின்கிற நுளம்பு
அவன் கால்களுக்குப் போகவில்லை.
அவன் கால்கள் நிலத்துக்கும் போகவில்லை.
சீமெந்துக்கும் அவனுக்கும் நடுவில்
ஒரு தீப்பெட்டி உயரத்துக்குக் காற்று.

கத்தியிருக்கலாம்.
பக்கத்துக் கடையில் கொத்து அடிக்கிற சத்தத்தில்
ஆருக்குக் கேட்டிருக்கும்?
அதோடு அவன்
கண்ணாடிக்குள் கிடந்த பழைய நோக்கியாக்களை
ஆட்டுக்குட்டிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்,
இமைக்காமல்.

அடுத்த நாள் குகேந்திரன் அண்ணை கமராவை ஓடவிட்டுக் கேட்டார்:
"நிறைமதி, வெறும் கதிரையோட என்ன கதைச்சுக்கொண்டிருந்தனீ?"
ஹெட்செட்டில், சிநேகிதியோட, என்றேன்.
சொல்லி முடிய முன்னமே
அது என்ன பொய் என்று எனக்கு விளங்கிவிட்டது.

கடைச் சட்டரில் முட்டாமல் குனிந்து வருவான்.
பிளாஸ்டிக் கதிரையில் மட்டும் இருப்பான்.
அவன் ஆக்கள் இரணைமடுக் காட்டில் இருந்தவையாம்.
முதிரைக்கு ஒரு குடும்பம், பாலைக்கு இரண்டு.
வான் கதவு திறக்கிற நாளில்
தண்ணீருக்கு மேலால் கலியாணம் நடக்குமாம்.
பிறகு மேலேயிருந்து இரும்பு விழுந்தது.
மரத்துக்குள் இரும்பு, மண்ணுக்குள் இரும்பு.
வேரைத் தொட்டால் சுடுகிற காட்டில் எப்படி இருப்பது?
எழும்பிப் போனார்கள்.
"உங்களைப்போலத்தான்," என்றான்,
"மூட்டை மட்டும் இல்லை."

இப்போது ஒவ்வொருவராய்த் திரும்புகிறார்கள்,
கண்ணிவெடிக்காரர் முழங்காலில் நின்று
துண்டு துண்டாய்ப் பொறுக்கி எடுத்து
வெள்ளைத் தடி நட்ட இடங்களுக்கு மட்டும்.
திரும்பியவர்களுக்கு ஒரே சட்டம்:
இரும்பைத் தொட்டவனுக்குக் காடு இல்லை.

நான் சட்டையின் கழுத்தை விலக்கிக் காட்டினேன்.
இடது காறை எலும்புக்குக் கீழே,
அவரைக்கொட்டை அளவு.
மாத்தளன் கரையில், எனக்கு ஐந்து வயதில்,
அம்மாவைத் துளைத்துத்தான் என்னிடம் வந்தது.
மார்கழியில் உடம்புக்கு முன்னால் அது குளிரும்.
வவுனியாவில் டொக்டர்
எக்ஸ்ரேயை யன்னலுக்கு நேரே பிடித்துச் சொன்னார்:
"எடுக்கலாம் தங்கச்சி. பக்கத்தில பெரிய ரத்தக்குழாய்.
இருக்கட்டும். அது உம்மோட பழகிட்டுது."

அன்றைக்கு அவன் இமைத்தான்.
எழும்பினான். மூன்று கிழமை வரவில்லை.

பஸ் ஏறிப் போய்
எடுத்துவிடுங்கோ டொக்டர் என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
அம்மாவைக் கடைசியாய்த் தொட்ட பொருள்
என்னிடம் இது ஒன்றுதான்.
இதைக் கழற்றித் தா என்கிற காதல் எனக்கு வேண்டாம்.
அவன் கேட்கவும் இல்லை, பாவம்.

கரண்ட் போன ஒரு இரவு வந்தான்.
ஒன்றும் கதைக்கவில்லை.
சுட்டுவிரலை நீட்டி அந்த இடத்தில் வைத்தான்.
தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம்.
கருகின மணம் இல்லை,
புழுதியில் விழுந்த முதல் மழை மணம்.
தள்ளினேன். எடுக்கவில்லை.
பத்து எண்ணுகிற நேரம் இருக்கும்.
பிறகு இருட்டில், கீழே,
செருப்பில்லாத இரண்டு கால்கள்
சீமெந்தில் பதிந்த சத்தம்.

இப்போதும் கமராவில் கதிரை வெறுமைதான்.
அண்ணை உற்றுப் பார்ப்பதில்லை.
நான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன்:
மேசை விளிம்பில், ரீலோட் மட்டைகளுக்குப் பக்கத்தில்
ஒரு விரல் நுனி.
அதில் ஒரு நுளம்பு வந்து இருக்கிறது.
விரல் அசையவில்லை.