ஏழாம் கேள்வி

நூலகத்தின் மேல்மாடியில்
ஹீட்டர் ஓடாத அறை எனக்கு.
அதைப் பழுதுபார்க்கும் தொகையை
அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டார்கள்.
மேசைமேல் எண்ணூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
ஸ்கெல்பியில் வீடுகள் இரண்டாயிரத்துச் சொச்சம்.
"நல்ல வரவு" என்றார் திருமதி டிரான்மர்.
"குப்பைத்தொட்டிக்கு என்ன நிறம் என்று கேட்டபோதுதான்
இதைவிட அதிகம்."

ஏழாம் கேள்வி இது:
கடல் தடுப்புக்கும் மழைநீர்க் குழாய்களுக்கும்
மாதம் மூன்று பவுண்டு கூடுதல் வரி தருவீர்களா?
கீழே ஐந்து கட்டங்கள்.
முழுமனதோடு சம்மதம் என்று தொடங்கி
முழுமனதோடு மறுப்பு என்று முடிகிற,
மனம் முழுதாக இருப்பவர்களுக்கான ஏணி.

பேனாக்கள் கட்டத்துக்குள் நிற்கவில்லை.
முதலில் என் முப்பத்தேழாம் எண் பேருந்தைத் திருப்பிக் கொடுங்கள்.
உலகத்தைக் காப்பாற்றுங்கள், தெருவிளக்கை மட்டும் அணைக்காமல்.
போன தடவை தந்த பணம் எங்கே,
அந்த ரவுண்டானாவில் நட்ட பூச்செடியா?
ஒருவர் மறுப்பில் டிக் போட்டு, அடித்து,
சம்மதத்தில் போட்டு, அதையும் அடித்து,
ஓரத்தில் தன் கேஸ் பில் தொகையை மட்டும்
இரண்டுமுறை கோடிட்டு வைத்திருந்தார்.

கார்த் மெட்ஃபோர்த்,
வருஷம் இரண்டு மீட்டர் கோதுமை நிலம்
கடலுக்குப் போகிறது அவருக்கு.
அவர்தான் சம்மதிப்பார் என்று நினைத்தேன்.
'கடலுக்கு லஞ்சம் கொடுத்து ஜெயித்தவன் இல்லை'
என்று எழுதி, பேனா தாளைக் கிழிக்கும்வரை
முழு மறுப்பைக் கறுப்பாக்கியிருந்தார்.

கேரவன் பூங்காவில் சமைக்கிற ரசா:
'சீசன் முடிந்தால் எனக்கு இங்கே முகவரி கிடையாது.
என் மகன் நீந்தக் கற்றது இந்தத் தண்ணீரில்.'
டிக் இல்லை. டேப் போட்டு ஒட்டிய
மூன்று ஒரு பவுண்டு நாணயங்கள்.
அவற்றை எந்தக் கணக்கில் வைப்பது என்று
நிதிப்பிரிவுக்கு எழுதினேன்.
அப்படி ஒரு தலைப்பு இல்லை என்று பதில் வந்தது.

பிறகு வின்னி ஸ்டாதர்ஸ், பதினான்கு, கிளிஃப் லேன்.
கணினி ஏற்கவில்லை: முகவரி இல்லை.
மறுபடி அடித்தேன். முகவரி இல்லை.
அவர் எழுதியிருந்தது:
'டிசம்பர்வரை வரி கட்டிவிட்டேன்.
வீடு போனது நவம்பரில்.
மீதி ஒரு மாதத்தைத் தடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.'
எண்ணூற்றுப் பதினொன்று என்று திருத்தினேன்.

சம்மதம் நாற்பத்தொன்று சதவீதம்.
மறுப்பு முப்பத்தொன்பது.
மற்றவர்கள் நடுக்கட்டத்தில்,
மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி.
'மக்கள் கருத்து பிரிந்திருக்கிறது' என்று
திருமதி டிரான்மர் ஒரு வரியில் முடித்தார்.
ஊர் முதலில் பணம் காட்டட்டும் என்கிறது லண்டன்.
லண்டன் முதலில் காட்டட்டும் என்கிறது ஊர்.
கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று
காத்திருந்த கொக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.
இங்கே காத்திருப்பது கடல்,
ஊர் வற்றட்டும் என்று.

அன்று ஐந்தரை மணிக்கு
கார் நிறுத்த மீட்டருக்குச் சில்லறை இல்லை.
இழுப்பறையில் ரசாவின் படிவம்.
எடுக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை.
ஒன்றை எடுத்தேன்.
மீட்டரும் நகராட்சியுடையதுதானே,
போகவேண்டிய இடத்துக்குத்தான் போகிறது
என்று படியிறங்கும்போது சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை வேறொரு நாணயத்தை
அதே வட்டத் தடத்தில் வைத்து அழுத்தினேன்.
டேப் மட்டும்
பழையபடி ஒட்டவில்லை.