அப்பச்சோடா ஒரு கரண்டி

வூப்பர்டாலில் ஞாயிறு.
பாண் கடைகூட மத்தியானத்தோடு பூட்டு.
நூடில்ஸ் இல்லை.
அலுமாரியில் அரைப் பக்கெட் ஸ்பகெட்டி,
நுனி ஒடிந்தது.

சேந்தனோடு கதைத்து இரண்டு நாள்.
வெள்ளி இரவு தெரிந்தது,
தங்கச்சி வீட்டுக் கூரைக்கு என்று
என்னைக் கேளாமல் அவன் அனுப்பிய
இரண்டாயிரம் யூரோ.
அதன்பிறகு வீட்டில் கதவுகள்தான் கதைக்கின்றன.
குளிர்பெட்டிக் கதவு கொஞ்சம் உரக்க.

கொதிக்கிற தண்ணீரில்
அப்பச்சோடா ஒரு கரண்டி.
குபுகுபுவென்று நுரை ஏறி விளிம்பில் நின்று யோசிக்கும்.
அதற்குள் ஸ்பகெட்டியை இறக்கிவிட வேண்டும்.
எட்டு நிமிடத்தில் மஞ்சளாகி, வழுக்கி,
இழுத்தால் மீண்டு,
இத்தாலியை மறந்துவிடும்.

சொல்லித் தந்தது ஷியாவ்லான்.
சலவைத் தொழிற்சாலையில்
ஆஸ்பத்திரி விரிப்பின் மற்ற இரு முனையைப் பிடிக்கிறவள்.
அவளுடைய அரை ஜெர்மனும் என்னுடைய அரை ஜெர்மனும்
சேர்ந்தாலும் ஒன்றாகாது,
விரிப்பு மட்டும் நேராய் மடியும்.
அளவு ஒன்றும் சொல்லமாட்டாள்.
"சட்டி கத்த வேணும்.
கத்தாட்டில் நீ சூப் வைக்கிறாய்."

கோவா, கரட், இரண்டு லீக்ஸ்.
கறிக்கு வெட்டுகிற கை
இதற்கும் சதுரமாய்ப் போகப் பார்க்கும்,
அதட்டித் திருப்ப வேண்டும்: நீளம், நீளம்.
லீக்ஸை ஏழு தரம் அலசினேன்.
எட்டாம் தண்ணீரிலும் அடியில் ஒரு மணல்
என்னைப் பார்த்தது.

சோயா சோஸ் மூன்று கரண்டி, வினாகிரி அரை,
ஒரு சிட்டிகை சீனி.
சீனி என்று சொல்லும்போதே
வாயில் அந்த நாடு வந்துவிடுகிறது.
நாங்கள் தாச்சி என்பதை
அடுத்த கரையில் சீனச்சட்டி என்பார்கள்.
பிறகேன் இந்தச் சமையல் தெரியாதென்று
இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்?

கண்ணாடி அடுப்பு. ஒன்பதில் வைத்தாலும்
நெருப்பென்று ஒன்று கண்ணில் தெரியாது.
எண்ணெய் புகையும்வரை பொறு.
உள்ளியும் இஞ்சியும், பத்து எண்ணுமுன்
கரட், பிறகு கோவா,
கைப்பிடி கைப்பிடியாய்.
ஆத்திரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டினால்
வதங்காது, அவிந்துபோகும்.

நான் கொட்டவில்லை.
ஆனாலும் தாச்சி கத்தியது,
அதைவிடப் பெரிதாய்
முகட்டிலிருந்து புகைமணி கத்தியது.

எனக்கு இரண்டு கையும் சட்டியில்.
சேந்தன் ஓடி வந்தான், கதிரையில் ஏறினான்,
கையில் அகப்பட்ட கடை விளம்பரத்தால் விசிறினான்.
"ஜன்னலைத் திற!"
"திறந்துதான் கிடக்குது!"

அந்த நேரம் பார்த்து
ஆற்றுக்கு மேலே தொங்கும் ரயில்
எங்கள் ஜன்னல் உயரத்தில் வந்தது.
தொப்பி போட்ட ஒரு மனிசன் திரும்பிப் பார்த்தான்.
என்ன கண்டிருப்பான்?
புகைக்குள் அகப்பையோடு ஒருத்தி,
கதிரையில் நின்று முகட்டுக்குச் சாமரம் வீசும் ஒருத்தன்.

மணி ஓய்ந்தது.
சேந்தன் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.
ஆசிய வாரம், நாளை முதல்.
நூடில்ஸ் தொண்ணூற்றொன்பது சென்ட்.
எனக்கு நீட்டிக் காட்டினான்.
சிரிக்கக்கூடாது என்று இருவரும்
வெவ்வேறு பக்கம் திரும்பினோம்.

ஸ்பகெட்டியைக் கொட்டிப் புரட்டினேன்.
நல்லெண்ணெய் கடைசியில், அடுப்பை நிறுத்தியபின்.
ஒரே தட்டில் போட்டேன்;
மற்றத் தட்டுகள் கழுவாமல் கிடந்தன,
வேறொன்றும் இல்லை.

"உப்புக் கூட" என்றான்.
"சோயா சோஸ்" என்றேன்.
தின்றோம்.
இரண்டாயிரம் மேசையில்தான் இருந்தது,
மூன்றாவது ஆளாய், தட்டில்லாமல்.

"ஓடா, தகரமா?"
"ஓடு."

ஒரு ஓடு என்ன விலை என்று
கேட்க வாயெடுத்தேன்.
பல்லில் கடிபட்டது
அந்த மணல்.