சுவரில் பாக்கி

பள்ளத்தூரில் அந்த வீட்டைப் பதினேழாகப் பிரிக்கிறார்கள்.
வெள்ளியை நிறுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
பட்டாலையில் தராசைத் தொங்கவிட்டு நிமிர்ந்தால்
எதிர்ச்சுவரில், முன்னால் சரிந்து, ஆளுயரக் கண்ணாடிக்குள்
பாபிலோன்.

தூண்கள், தூண்களுக்குப் பின்னால் தூண்கள்,
கண்ணுக்கெட்டாத பந்தி.
கட்டியவருக்கு இந்தப் படம் ஏன் பிடித்தது
என்று கேட்கவே வேண்டாம்.
எருசலேம் ஆலயத்திலிருந்து அள்ளிவந்த பொற்கிண்ணங்களில்
திராட்சரசம்.
ராஜா பெல்ஷாத்சார் பாதி எழுந்தபடி நிற்கிறான்.
சுவரில் எழுதுகிற கையை வரையவில்லை ஓவியன்,
வெளிச்சத்தை மட்டும் விட்டிருக்கிறான்.

"ரொமாண்டிக் காலத்துப் படம். இது அச்சுப் பிரதி" என்றாள்
ஐந்தாம் பங்கின் மகள் உமையாள், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.
லண்டன் தெருக்களில் காஸ் விளக்கு வந்த புதிது.
வாக்குரிமை கேட்ட கூட்டத்தின் மேல் குதிரைகளை விட்ட காலம்.
அந்த ஊர் ராஜா
முடிசூட்டு விருந்தில் கஜானாவைக் கரைத்துக்கொண்டிருந்தான்.
பாபிலோனைக் காசு கொடுத்துப் பார்க்கப் போனவர்கள்
பார்த்தது எந்த ஊரையோ.
பிறகு கப்பல், ரங்கூன் ஏலம், இந்தச் சுவர்.

மெனே மெனே தெக்கேல் உப்பார்சின்.
ஞாயிறு வகுப்பில் நடுங்க நடுங்கப் படித்தது:
எண்ணியாயிற்று, நிறுத்தாயிற்று, பிரித்தாயிற்று.
ஆனால் அவை அந்த ஊர் எடைக்கற்களின் பெயர்களும்தானாம்.
ஒரு மினா, இன்னொரு மினா, ஒரு சேக்கல், அரை அரை.
ஞானிகளை விட்டு
ஒரு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாம் அவன்.

கூஜா, முன்னூற்றுப் பன்னிரண்டு கிராம்.
பாலாடை, நாற்பத்தொன்று.
சாத்தையா எழுதிக்கொண்டே வந்தார்.

மதியம் நாலு பேர் சேர்ந்து படத்தை இறக்கினார்கள்.
முட்டைச்சாந்து பளபளக்க, புகை படாத ஒரு கட்டம்.
நடுவில் பென்சில் எழுத்து.
பதினேழு பங்கும் கூடி நின்றது.
ஒருவர் மந்திரம் என்றார்,
ஒருவர் சீனமாக இருக்கும் என்றார்,
ஒருவர் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார்.
தமிழ் எண்தான்.
பழைய படிக்கற்களில் பார்த்துப் பழக்கம் எனக்கு.

முட்டை ௨௲௪௱
கொத்தன் காத்தமுத்து கூலி பாக்கி ரூ. ௩௰௭

வாசித்தேன். முப்பத்தேழு ரூபாய்.
எந்தப் பங்கில் எழுத என்று
சாத்தையா பேனாவோடு எல்லார் முகத்தையும் பார்த்தார்.

காபி வந்தது.
நான் இன்னும் நிறுக்காத
வெள்ளி டம்ளர்களில் ஊற்றிக் குடித்தார்கள்.